பேஸ்மென்ட்டில் ஒரு ரயில்வே கம்பெனி

"கோர் அண்ட் டஃபெடிட்" என்று ஒரு ரயில்வே கம்பெனியின் பெயரைப் பார்த்தால் முதல் தடவை யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஏதோ இரண்டு ஊர்ப் பெயர் என்று தாண்டிப் போய்விடுவார்கள். அதையே கொஞ்சம் வேகமாக, அமெரிக்க நாக்கில் சொல்லிப் பாருங்கள். "கோரி அண்ட் டிஃபீட்டட்" என்று வரும். அதாவது, ரத்தம் சொட்டச் சொட்டத் தோற்றுப் போனது! இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியும் பங்கு வெளியீட்டுக்கு வராது.

வரவேண்டிய அவசியமும் இல்லை. இந்தக் கம்பெனிக்கு முதலாளி, சேர்மன், எஞ்சினியர், பெயின்டர் எல்லாம் ஒரே ஆள். ஜான் ஆலன். 1913-ல் அமெரிக்காவின் மிஸௌரி மாநிலத்தில் ஜாப்ளின் என்ற ஊரில் பிறந்தவர். புகைப்படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்தவர். கலிஃபோர்னியாவில் மான்டரே என்ற கடலோர ஊரில் அவர் வீட்டு பேஸ்மென்ட்டுக்குள்தான் கம்பெனியின் மலைகள், பாலங்கள், ஊர்கள், யார்டுகள் அத்தனையும் இருந்தன. மாடல் ரயில் கட்டுகிறவர்களிடம் உலகத்திலேயே பெயர் பெற்ற வீட்டு லேஅவுட் எது என்று கேட்டால், பாதிப் பேராவது முதலில் இதைத்தான் சொல்வார்கள். இத்தனைக்கும் அது இல்லாமல் போய் அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்றைக்கு அதைச் சுற்றிப் பார்க்கவேண்டும் என்றால் படங்களில்தான் முடியும்.

சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு. (கணக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம்.) லேஅவுட் 'எச்.ஓ.' என்கிற அளவில் கட்டப்பட்டது. நிஜத்தில் 87 அடி இருப்பது இதில் 1 அடி. 40 அடி நீளமுள்ள மூடிய கூட்ஸ் வேகன் 14 சென்டிமீட்டர் ஆகிவிடும், சட்டைப்பையில் பாதி நீட்டிக்கொண்டிருக்கும். ஆள் 2 சென்டிமீட்டர். இதுவரைக்கும் சௌகரியம்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், தூரத்தில். 1 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் 11.5 மீட்டர். அடுத்த ஸ்டேஷன் 10 கிலோமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு மட்டும் 115 மீட்டர் வேண்டும். எந்த வீட்டு பேஸ்மென்ட்டும் அவ்வளவு நீளம் கிடையாது. ஒரு நிஜமான உருக்காலையை அளவு மாறாமல் சுருக்கினாலே அறை நிறைந்துவிடும், ரயிலுக்கு இடம் இருக்காது. ஆகவே மாடல் ரயில் என்பது, பார்க்கிறவர் கண்டுபிடிக்காத மாதிரி பொய் சொல்கிற கலை. தொழிற்சாலையில் எட்டு ஜன்னல் இருந்தால் மூன்று வைப்பார்கள். அதன் பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, முகப்பை மட்டும் சுவரோடு சேர்த்து ஒட்டுவார்கள். அந்த முகப்பின் கனம் இரண்டு விரல்கூட இருக்காது.

ஆலன் சொன்ன பொய்கள் மிகப் பெரியவை. மற்றவர்கள் மேசை மேல் மலை செய்துகொண்டிருந்த காலத்தில், அவர் தரையிலிருந்து கூரை வரைக்கும் மலையை எழுப்பினார். அறைக்குள் நிற்கிறவர் மலையைக் குனிந்து பார்ப்பதில்லை, அண்ணாந்து பார்க்கிறார். காலுக்குப் பக்கத்தில் பள்ளத்தாக்கு, தலைக்கு மேலே சிகரம், நடுவில் நெஞ்சு உயரத்தில் ஒரு பாலம், அதன் மேல் ஒரு நீராவி எஞ்சின். இடம் போதாத மூலைகளில் கண்ணாடி வைத்தார். ஒரு தெரு கண்ணாடியில் போய் இரண்டு தெரு ஆகும். கண்ணாடியின் விளிம்பை ஒரு கட்டடமோ ஒரு மரமோ மறைத்துக்கொள்ளும். கேமரா பிடிக்கத் தெரிந்தவர் அல்லவா, கண் எங்கே நிற்கும் எங்கே நிற்காது என்பது அவருக்கு அத்துப்படி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்து மாடல்காரர்கள் வேகனுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கிற ஆட்கள். ஆலன் புது வேகனை எடுத்து அதன் மேல் துரு ஏற்றினார், கரி பூசினார், பலகை வெளுத்துப் போன மாதிரி தேய்த்தார். காசு கொடுத்து வாங்கிய சாமானை இப்படிப் பாழாக்குகிறாரே என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கக்கூடும். இன்று அதைச் செய்யாமல் விட்டால்தான் "பொம்மை மாதிரி இருக்கிறதே" என்பார்கள். வெயிலும் மழையும் பட்ட வேகன்தான் வேலை பார்த்த வேகன் என்பதை அந்தத் துறைக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் அவரை வைக்கவேண்டும்.

ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். கோர், டஃபெடிட் இரண்டும் ஊர்கள். 'கிரேட் டிவைட்' ஓர் ஊர். 'போர்ட்' பெயரிலேயே துறைமுகம். 'கோல்ட் ஷோல்டர்' என்று ஒன்று. வருகிறவரை "வா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். அந்த ஊரில் இறங்கும் பிரயாணியின் நிலைமையை யோசித்துக்கொள்ளலாம். 'ஹெலன்கான்' என்பதைச் சேர்த்துச் சொன்னால் "எங்கேயோ கண்காணாத தொலைவு" என்று பொருள்படும் கொச்சை வழக்கு. 'அக்கின்பேக்' என்றால் முதுகு வலி. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பிளாஸ்டரைக் குழைத்துக் கூரை வரைக்கும் மலை கட்டுகிறவருக்கு வேறு என்ன பெயர் தோன்றும்!

உச்சக்கட்டக் குறும்பு எம்மா. யார்டில் வேகன்களை இழுத்துத் தள்ளி ஒழுங்குபடுத்த ஒரு சின்ன எஞ்சின் வேண்டும். ஆலன் அந்த வேலைக்கு ஒரு டைனோசரை வைத்தார். முதுகில் வரிசையாகத் தகடு முளைத்த ஸ்டெகோசாரஸ். பெயர் எம்மா, நம்பர் 13. ஒவ்வொரு பலகையும் நரைத்து, ஒவ்வொரு ஆணியும் துருப்பிடித்து, நிஜம் நிஜம் என்று அடித்துச் சொல்லும் ஓர் உலகத்தின் நடுவில் ஒரு டைனோசர் கூட்ஸ் வண்டி இழுக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அவ்வளவு உண்மையாகச் செய்தவருக்குத்தான் இதைச் செய்ய உரிமை உண்டு. அரைகுறையாகக் கட்டியவர் செய்திருந்தால் சிறுபிள்ளைத்தனம் என்று போயிருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் படங்களில் தெரிவது. படம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. கோல்ட் ஷோல்டரில் ரயில் ஏன் நிற்கவேண்டும்?

விளையாட்டாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் ஒரு லேஅவுட்டுக்கு உயிர் வருவதும் வராததும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. அழகான மலை, அழகான ஊர், அதைச் சுற்றி ரயில். முதல் சுற்று அற்புதம். ஐந்தாவது சுற்றில் பார்க்க வந்த பையன் வாசலைப் பார்ப்பான். இருபதாவது சுற்றில் கட்டியவரே சுவிட்சை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். வட்டமாகச் சுற்றும் ரயிலுக்குப் போகவேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. கிளம்பிய இடத்துக்கே வருவதற்குக் கிளம்புவானேன்?

நியூ ஆர்லியன்ஸில் ஃபிராங்க் எல்லிசன் என்று ஒருவர் இருந்தார். 'டெல்டா லைன்ஸ்' என்பது அவருடைய லேஅவுட். 1944-ல் மாடல் ரெயில்ரோடர் இதழில் அவர் ஒரு தொடர் எழுத ஆரம்பித்தார். லேஅவுட் ஒரு நாடக மேடை, ரயில்கள் நடிகர்கள், டைம்டேபிள்தான் கதை என்கிற ரீதியில் போகும் அவர் வாதம். ஊர் என்பது ஒரு காட்சி. அங்கே ரயில் வரும், ஒரு காரியம் செய்யும், அடுத்த காட்சிக்குப் போகும். காரியம் என்றால் என்ன? மில்லுக்கு ஒரு வேகன் பருத்தி இறக்கவேண்டும். மரவாடியிலிருந்து பலகை ஏற்றிய வேகனைக் கொண்டுபோகவேண்டும். கூட்ஸ் ரயிலின் நாடகம் இவ்வளவுதான், இதுவே போதும்.

இங்கேதான் காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. கன்சைனர், கன்சைனீ, ரயில்வே ரசீது என்று பரீட்சைக்காக உருப்போட்ட சங்கதியெல்லாம் இந்தப் பொழுதுபோக்கில் உயிரோடு நடமாடுகிறது! 1961-ல் டக் ஸ்மித் என்பவர் அதே மாடல் ரெயில்ரோடரில் ஒரு கார்டு முறையை எழுதினார். ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. அதோடு சரக்கு எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு, யார் பெயருக்கு என்று ஒரு சீட்டு. பிறகு வந்தவர்கள் அந்தச் சீட்டை நான்கு பக்கம் உள்ளதாக மாற்றினார்கள். முதல் பக்கத்தில், காலி வேகன் ஆலைக்குப் போகவேண்டும் என்று இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்ததும் சீட்டைத் திருப்பு. இப்போது அது மேஜை நாற்காலி ஏற்றிய வேகன், நகரத்துக் கடைக்குப் போகவேண்டும். திருப்பு. காலி, யார்டுக்கு. திருப்பு. மறுபடி எங்கோ ஒரு தேவை.

வேகனுக்குள் மேஜையும் இல்லை நாற்காலியும் இல்லை. கதவு திறக்கவே திறக்காது, உள்ளே வெறும் காற்று. ஆனாலும் அந்தச் சீட்டு வந்த நிமிடத்திலிருந்து வேகன் பொம்மையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அதற்காக ஒருவர் காத்திருக்கிறார், அது தாமதமானால் ஒருவருக்கு நஷ்டம். துரு ஏற்றிய பெயின்ட்டைவிட இந்த நாலங்குலக் காகிதத்துக்கு வேலை அதிகம் என்று சொன்னால் பெயின்ட் அடிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

உள்ளே காற்று என்பதை மறைக்க முடியாத சரக்கும் உண்டு. நிலக்கரி வேகனுக்கு மூடி கிடையாது. காலியா நிறைந்ததா என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சுரங்கத்துக்குக் காலியாகப் போன வேகன் காலியாகவே திரும்பினால் மானம் போய்விடும். இதற்கு மாடல்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் அபாரமானது. ஒரு நடுச்சுவரின் இந்தப் பக்கம் சுரங்கம், அந்தப் பக்கம் மின் நிலையம். இரண்டு இடத்திலும் தண்டவாளம் கட்டடத்துக்குள் புகுந்து சுவர் வழியாக நேராக மறுபக்கம் போய்விடும். மின் நிலையத்துக்குள் நிலக்கரியோடு தள்ளிய வேகன்கள் சுவரைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் வந்து நிற்கும். அங்கிருந்து "இப்போதுதான் ஏற்றினோம்" என்ற முகத்தோடு வெளியே வரும். சுரங்கத்துக்குள் தள்ளிய காலிகள் அதே வழியில் மின் நிலையத்தில் "இறக்கியாயிற்று" என்று வெளிவரும். பார்க்கிறவருக்கு ஒரு சுரங்கமும் ஒரு மின் நிலையமும். கணக்கு எழுதுகிறவருக்கு ஒரே சரக்கு ஆயுசு முழுக்கச் சுற்றுகிறது. தணிக்கையாளர் எவராவது உள்ளே போய்ப் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்.

சரி, இத்தனை சரக்கையும் வாங்குவது யார்? இருபது வீடுள்ள ஊரில் ஒரு நாற்காலி ஆலை. அது ஒரு வாரத்தில் அனுப்புகிற நாற்காலியில் அந்த ஊர் ஜனங்கள் பத்துத் தலைமுறைக்கு உட்காரலாம். இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கையாண்டவர் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் இருந்த ஆலன் மெக்லெலண்ட். (இவருக்கும் ஜான் ஆலனுக்கும் சம்பந்தமில்லை, ஒருவருக்கு முதற்பெயர், மற்றவருக்குக் குடும்பப் பெயர்.) 'வர்ஜீனியன் அண்ட் ஓஹையோ' என்ற பெயரில் அப்பலேச்சியன் மலைகளின் நிலக்கரி ரயில்வே ஒன்றை அவர் கற்பனையாகக் கட்டினார். பேஸ்மென்ட்டில் இருப்பது கம்பெனியின் ஒரு துண்டு மட்டும்தான், மீதி அமெரிக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. மறைவாக ஒரு யார்டு. அதிலிருந்து கிளம்புகிற ரயில் "வெளியூரிலிருந்து" வருகிறது. மலைக்குள் மறைகிற ரயில் "வெளியூருக்கு" போய்விட்டது. நாற்காலி வாங்குகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு ஊருக்கு வெளியே சந்தை இருந்தால்தான் ஊருக்குள் ஆலை நிற்கும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். அதைத் தண்டவாளம் போட்டுக் காட்டினார்.

மறுபடி மான்டரேக்குப் போகலாம். கோர் அண்ட் டஃபெடிட் என்றதும் எல்லோரும் மலையையும் பாலத்தையும்தான் பேசுகிறார்கள். புகைப்படம் செய்த உபகாரமும் அதுதான், அநியாயமும் அதுதான். ஆலன் தன் நண்பர்களை முறையாகக் கூட்டி ரயில்வேயை ஒரு ரயில்வேயாகவே நடத்தினார். ஒருவர் டிரைவர், ஒருவர் யார்டு பார்ப்பவர், ஒருவர் மொத்தப் போக்குவரத்துக்கும் உத்தரவு கொடுப்பவர். கடிகாரம் சாதாரணக் கடிகாரம் இல்லை, வேகமாக ஓடுவது. முதலில் சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கிறதா? தூரத்தைச் சுருக்கியாயிற்று, நேரத்தையும் சுருக்கினால்தான் இரண்டும் ஒத்துப்போகும். அதனால் ஒரு சாயங்காலத்துக்குள் ரயில்வேயின் ஒரு முழு நாள் கழிந்துவிடும். எதிர் ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கு தடத்தில் காத்திருப்பதும், ஏழு வேகனைக் கழற்றி மாட்டி இரண்டாவது வேகனை எடுப்பதும், அதற்குள் பின்னாலிருந்து பாசஞ்சர் வந்துவிடுமோ என்ற தவிப்பும் எந்தப் புகைப்படத்திலும் விழாது. விழுவது பாலம் மட்டும்.

ஷன்டிங்கில் அவருக்கு இருந்த பைத்தியத்துக்குச் சாட்சி 'டைம்சேவர்'. ஒரு பலகை, ஐந்து பாயிண்ட்டுகள், குட்டை குட்டையான சில சைடிங்குகள், ஓர் எஞ்சின், கொஞ்சம் வேகன்கள். எந்த வேகன் எந்தத் தொழிற்சாலை வாசலில் நிற்கவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார் என்பது போட்டி. நேரத்தை மிச்சம் பிடிப்பது என்று பெயர், ஆனால் உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை. ஒரு சைடிங்கில் ஒரு வேகன் அதிகமாகிவிட்டால் முதலிலிருந்து யோசிக்கவேண்டும். மலையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது, எம்மாவும் கிடையாது. இதைப் பற்றி 1972-ல் மாடல் ரெயில்ரோடரில் ஆலன் எழுதினார்.

பெரிய லேஅவுட் அப்போதும் முழுதாக முடிந்திருக்கவில்லை. அந்த வீட்டு பேஸ்மென்ட்டில் 1950-களில் தொடங்கியது அது. அதற்கு முன்னால் இரண்டு தடவை சிறிதாகக் கட்டியிருந்தார். முதன்முதலில் கட்டிய சின்னஞ்சிறு லேஅவுட்டைத் தூக்கிப் போடாமல், பெரியதின் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டார். கம்பெனி சட்டத்தில் இதற்கு இணைப்பு என்று பெயர். இங்கே வேறு ஏதோ பெயர் சொல்லவேண்டும்.

1973 ஜனவரி 6-ம் தேதி ஜான் ஆலன் மாரடைப்பில் இறந்துபோனார். அவருக்கு வயது 59. பத்தே நாளில் வீட்டில் தீப்பிடித்தது. லேஅவுட்டின் பெரும் பகுதி அதில் அழிந்தது. கூரை தொட்ட மலைகள், பாலங்கள், துருவை ஒவ்வொன்றாகத் தீட்டிய வேகன்கள். இருபது வருஷ வேலை.

ஆள் போனபின் லேஅவுட்டை என்ன செய்வது என்ற பிரச்சினை எல்லா வீட்டிலும் வருவதுதான். அறையோடு சேர்த்துக் கட்டியதைக் கழற்றி எடுத்துப் போக முடியாது. வீட்டை வாங்குகிறவருக்கு அந்த இடம் வேறு எதற்காவது வேண்டியிருக்கும். ரம்பம் வைத்து அறுத்து, எஞ்சின்களை விற்று, மலையைக் குப்பை லாரியில் ஏற்றுவதுதான் வழக்கம். எவ்வளவு செலவு ஆனது என்று ரசீது வைத்துக் கூட்டினாலும் விற்கும்போது அது விலை ஆகாது. மலைக்கு மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம். ஆலனின் மலைக்கு அந்த அவமானம் நேரவில்லை என்று ஒருவர் சொல்லலாம். அதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்ள அவருடைய நண்பர்களால் முடிந்திருக்காது.

மாடல் ரெயில்ரோடரின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட், எரிந்துபோன ரயில்வேயைப் பற்றிப் படங்களையும் விவரங்களையும் சேர்த்து ஒரு புத்தகம் எழுதினார். 1981-ல் அது வெளிவந்தபோது வெஸ்ட்காட்டும் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். இன்றைக்கு யாராவது கோல்ட் ஷோல்டர் ஸ்டேஷனைப் பார்க்கவேண்டும் என்றால், ஆலன் தானே எடுத்த புகைப்படங்களில்தான் பார்க்கவேண்டும். அவர் எங்கே கேமராவை வைத்தாரோ அங்கேதான் நிற்க முடியும், கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து கண்ணாடியின் விளிம்பு தெரிகிறதா என்று பார்க்க முடியாது.

ஆனால் டைம்சேவரை இன்றும் செய்கிறார்கள். மலை கட்டப் பொறுமையோ, பேஸ்மென்ட்டோ இல்லாதவர்கள் ஒரு பலகையை அறுத்துப் பாயிண்ட்டுகளை ஆணி அடித்து மேசை மேல் வைத்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டரில்கூட அது வந்துவிட்டது. ஐந்து பாயிண்ட்டுகள், ஓர் எஞ்சின். இரண்டாவது வேகன் ஆலை வாசலுக்குப் போகவேண்டும். அதற்கு முன்னால் ஒன்று குறுக்கே நிற்கிறது.